பிள்ளையாருக்கு ஒரு வண்டில் புல்

வெட்டிய புல் வெயிலில் காயும்போது வரும் அந்த இனிப்பு மணம் இன்றைக்கும் மூக்கில் பட்டால், பிள்ளைகளே, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஊஸ்டர் நகரில் எங்கள் மாடிவீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளிக்கு நான் பத்து வயதுப் பையனாகத் திரும்பிப் போய்விடுவேன். காற்றே இல்லாதபோதும் ஆடுகிற ஒரு புல்லுக்கு அம்மா "நடுங்கிப்புல்" என்று பெயர் வைத்து, அதைக் காயவைத்துப் பூச்சாடியில் செருகியிருந்தார். மற்றதெல்லாம் மாரிகாலத்தில் மாடுகளின் சாப்பாடு என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருடம் விநாயகர் சதுர்த்திக்குத் தமிழ்க்கடையில் அறுகம்புல் வரவில்லை. புதுவீட்டில் முதல் சதுர்த்தி, அறுகில்லாமல் எப்படி என்று அம்மாவின் முகம் வாடிப்போனது. நான் அறுகு தேடி இடுப்பளவு புல்லுக்குள் இறங்கி உழக்கிவிட்டேன். பண்ணைக்காரப் பெண் ஓடிவந்து, மிதித்துச் சாய்த்த புல்லை எப்படி வெட்டுவது, மாடு பட்டினி கிடக்கவா என்று கேட்டு, இனி இந்தப் பக்கம் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார். வெட்டுக்கிளி பிடிக்க எனக்கு இருந்த ஒரே இடம் அது. சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். உணவகச் சமையலறையில் பழகிய டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், தரையோடு ஓடுகிற புல் "பேற்றன்" செய்ய வேண்டும் என்றார். அந்தச் சொல்லுக்குக் கும்பிடுவது என்று பொருள். ஆனால் காதுக்குத் தோட்டப் பாத்தி என்றும் கேட்கும். அந்தப் பெண் திகைத்துப்போனார். பாத்தியெல்லாம் வேரோடி அவர் உயிரை வாங்கும் "குவெக்க" புல்லையா நாங்கள் பாத்தியில் நடப்போகிறோம்? அதன் வேரை அவித்துக் குடிப்பவர்கள் உண்டாம், நடுகிறவர்களை அவர் கண்டதில்லையாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையன் எப்போதும் வந்து பிடுங்கலாம் என்றார். பின்னேரம் அவரே ஒரு தள்ளுவண்டில் நிறையப் புல்லோடு எங்கள் கதவடியில் நின்றார்.

அம்மா ஒரு தண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அறுகு மாதிரிக் கிடக்கு, ஆனா அறுகில்லையப்பா."

"பிள்ளையாரும் எங்களை மாதிரி வந்தவர்தானே. கிடைச்சதை வைச்சுச் சமாளிப்பார்," என்றார் அப்பா.

"ஓம், அதுக்கு ஒரு வண்டிலோ? அவரென்ன மாடே?"

பாத்தி எங்கே என்று அந்தப் பெண் கேட்க, அப்பா அலுமாரித் தட்டில் இருந்த பிள்ளையாரைக் காட்டினார். கிட்டப்போய்ப் பார்த்தவர், இவருக்கு அடுத்த வருடமும் பசிக்குமோ என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு சதுர்த்திக்கும் வண்டில் வந்தது. நானும் வரம்போரம் வெட்டுக்கிளி பிடித்தேன்.

இப்போது அங்கே மாடிவீடுகள் நிற்கின்றன. நடுங்கிப்புல்லை உங்களுக்குக் காட்டத் தேடுகிறேன், காணவில்லை. பிளாஸ்டிக் பெட்டியில் அசல் அறுகு கடையிலேயே கிடைக்கிறது. அம்மாவுக்கும் அது திருப்திதான். ஆனாலும் சதுர்த்தியன்று கதவு மணி அடித்தால், அம்மா முதலில் கூட்டுகிற தும்புக்கட்டையைத்தான் தேடுகிறார், வண்டில் மண் கொட்டுமென்று.