பஸ்ஸில் சொன்ன முடிவு

முதலில் வந்தது ஒரு விரல்தான். நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் நடுவில், இரண்டாவது பத்தியின் மேல் அது வந்து ஊன்றியது. நகத்தைச் சுற்றி நீலச் சாயம் படிந்து, நுனி ஊசி குத்திக் காய்த்துப்போன விரல். "தமிழா கண்ணு இது?" என்று காதருகே ஒரு குரல் கேட்டது. மைசூரில் ஹெப்பாள் போகும் காலை பஸ் சிக்னலில் நின்றிருந்தது. ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு, விரலை எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. "இந்த எடத்துல என்ன எழுதியிருக்குது?" என்றது குரல். நிமிர்ந்து பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், மடியில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, முகம் முழுக்க ஆவல். எனக்கு வந்தது எரிச்சல் மட்டுமே.

அந்த எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஹனூர்ப் பக்கம் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் வீடு எங்களுடையது. வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்தைப் பதினேழாவது வயதில், கோபியில் இருக்கும் சித்தி மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகக் கற்றேன். அதனால் என் வாசிப்பு மெதுவானது. ஒரு நீண்ட வாக்கியத்தின் பாதியில் யாராவது குறுக்கிட்டால், மறுபடி வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய் எழுத்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஹெப்பாளில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. தங்கியிருந்த விடுதி அறையில் நாங்கள் நாலு பேர்; நாலு பேருக்கும் நாலு செல்போன், நாலு வீட்டுச் சண்டை. எனக்கென்று இருந்த படிப்பு நேரம் போகவர பஸ்ஸில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அதில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்து, கண்டக்டர் கிழித்துத் தரும் பூஜ்ஜிய டிக்கெட்டைப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்து, ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் படிப்பேன். அந்த எட்டுப் பக்கத்தின் மேல்தான் அவர் விரல் வைத்தார்.

அவர் ஒரு கார்மெண்ட்ஸ் ஆலையில் தையல் வரிசைக்குச் சூப்பர்வைசர். எங்கள் ஹனூர்ப் பக்கத்து ராமாபுரத்துக்காரர். ஏழாவது வரை கன்னடப் பள்ளி. தமிழ் பேச்சு உண்டு, எழுத்து இல்லை. கணவர் பால் வண்டி ஓட்டுகிறார், மகன் ஹாசனில் படிக்கிறான் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டார். மறுநாள் எனக்கு முந்தின நிறுத்தத்திலேயே ஏறி, சாப்பாட்டுப் பையை ஜன்னலோர இருக்கையில் வைத்து எனக்காக இடம்பிடித்திருந்தார். நான் காதில் ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். அவர் தோளைத் தட்டிக் கூப்பிட்டார். பின்வரிசைக்குப் போய்ப் பார்த்தேன். "அங்க குலுக்கி எடுத்துருமே, இங்க வா கண்ணு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தார். ஒரு வாரம் இருபது நிமிடம் முன்னால் போகும் பஸ்ஸில் போனேன். எட்டாம் நாள் அந்த பஸ்ஸிலும் இருந்தார். "ஷிப்டு மாத்துனாங்க. நல்லதாப் போச்சு, நீயும் இதுலதான் வாரியா?" என்றார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அழுகை வராத குறை.

கேட்டதற்கு ஏதாவது சொல்லிவிட்டால் விட்டுவிடுவார் என்று நினைத்து, கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அது அக்கா தங்கை இருவரைப் பற்றிய நாவல். தாயில்லாத தங்கையை அக்கா வளர்க்கிறாள். வளர்ந்த பிறகு ஒரு சண்டையில் அக்கா சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தங்கை வீட்டைவிட்டுப் போகிறாள், வருடக்கணக்கில் திரும்பவில்லை. சொல்லச் சொல்ல அவருடைய கேள்விகள் கூடின. "அந்த வார்த்தைய அக்காகாரி எல்லார் முன்னாலயுமா சொன்னா? தனியாச் சொன்னாளா?" என்பார். "தங்கச்சி மேல தப்பே இல்லியா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்பார். நாவலில் ஒரு வக்கீல் வருகிறார், ஒரு வெள்ளம் வருகிறது, ஒரு கோயில் வழக்கு வருகிறது. அவற்றையெல்லாம் "சரி, சரி" என்று தள்ளிவிட்டு மறுபடி அந்த இருவரிடமே வந்து நிற்பார். ஏன் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ, எட்டுப் பக்கம் மூன்று பக்கமாகிவிட்டதே என்பதுதான் கவலை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. புத்தகத்தில் இன்னும் ஐம்பது பக்கம் பாக்கி. அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்ற சேதி தங்கைக்கு வந்திருக்கிறது. அவள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் கேட்டார்: "கடைசில தங்கச்சி அக்கா ஊட்டுக்குப் போறாளா இல்லியா?"

எனக்கே தெரியாது. அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். "இன்னும் வரலைக்கா" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்து பத்துக் கேள்வி வரும் என்று தெரியும். பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்: "போறா. அக்கா கதவைத் தொறந்து உள்ள கூட்டிட்டுப் போறா. ரெண்டு பேரும் அழறாங்க. அவ்வளவுதான் கதை."

"ஹௌதா, அப்பிடியா?" என்றார் மெதுவாக. அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இறங்கும் வரை நாலு பக்கம் தடையில்லாமல் படித்தேன். மாதக்கணக்கில் கிடைக்காத நிம்மதி. இது முன்பே தோன்றாமல் போயிற்றே என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து நாவலை முடித்தேன். தங்கை ஊர் போய்ச் சேர்கிறாள். தெருமுனையில் நின்று அக்காவின் வீட்டைப் பார்க்கிறாள். யாரோ வாசலில் துணி எடுக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பி நடக்கிறாள். கதை முடிந்துவிடுகிறது. நான் சொன்ன முடிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு கணம் தோன்றியது. அதனால் என்ன என்று புத்தகத்தை மூடினேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் பஸ்ஸில் இல்லை. புதன்கிழமை இருந்தார். இடம்பிடித்து வைத்திருக்கவில்லை. கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரு தமக்கை உண்டு, கொள்ளேகாலில். தமக்கையின் மகள் வேறு சாதிப் பையனை விரும்பி மைசூருக்கு ஓடிவந்தபோது இவர் வீட்டில்தான் இரண்டு நாள் தங்கினாள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் அந்தப் பெண் அழுதாள், இவர் போட்டார். அது ஆறு வருடம் முன்னால். மகளுக்குக் குழந்தை பிறந்ததும் தமக்கை மகளைச் சேர்த்துக்கொண்டுவிட்டார். கையெழுத்துப் போட்டவரை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. போனை எடுப்பதில்லை. இவருடைய மாமனார் இறந்த துக்கத்துக்கும் வரவில்லை. "போகலாமா வேண்டாமான்னு ஆறு வருசமா ரோசனை. நீ அன்னிக்குச் சொன்னியா, ராத்திரி பூராம் எனக்கு அதே நெனப்பு. ஞாயித்துக்கெழமை பூ, பழமெல்லாம் வாங்கீட்டுப் போனேன்" என்றார்.

தமக்கை கதவைத் திறந்திருக்கிறார். வாசலில் நிற்பது யார் என்று பார்த்திருக்கிறார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். இவர் பூவையும் பழத்தையும் படியில் வைத்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த இரண்டு நாளும் வேலைக்குப் போகவில்லை. சொல்லி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "கதையில தொறந்தாளே கண்ணு. இவ ஏன் இப்பிடிப் பண்ணுனா?"

அந்த நிமிடத்தில் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. "கொஞ்ச நாள் போகட்டும்கா" என்று ஏதோ முனகினேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அளந்த இரும்புத் தட்டையே திரும்பத் திரும்ப அளந்தேன். சாப்பிட உட்கார்ந்தேன், எழுந்தேன். மறுநாள் பஸ்ஸில் அவர் பேசப்பேச என் காதில் ஒன்றும் விழவில்லை. வெள்ளிக்கிழமை காலை, அவர் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். "அக்கா, நான் சொன்ன முடிவு அந்தப் புத்தகத்துல இல்லை. அப்ப நான் முடிவு வரைக்கும் படிக்கவே இல்லை. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்கன்னு நானாச் சொன்னேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குரல் உயரவில்லை. "எழுத்துத் தெரியாதவதான, எதைச் சொன்னாலும் கேட்டுக்குவான்னு நெனச்சுட்ட" என்றார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "பேசாதன்னு சொல்லியிருந்தா பேசாம இருந்திருப்பேனே கண்ணு. அந்த ஒரு வார்த்தைய நீ சொல்லவே இல்லியே" என்றார். முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியில் இரண்டு இருக்கை காலியானது. உட்காரவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தொந்தரவே இல்லை. ஜன்னலோரம் கிடைத்தது. எட்டுப் பக்கத்துக்கான நேரமும் கிடைத்தது. ஆனால் ஒரு பக்கம் கூட ஓடவில்லை. ஒரே வரியை மூன்று முறை படிப்பேன், நிமிர்ந்து முன்வரிசையில் அவருடைய கொண்டையைப் பார்ப்பேன், மறுபடி குனிவேன். வேறு புத்தகம் மாற்றினேன். முன்பு காதோரம் பேச்சு இருந்தபோது மூன்று பக்கமாவது படித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை எழுந்து, கூட்டத்தைச் சாக்காக வைத்து உட்கார்ந்துவிட்டேன். இப்படியே ஒன்றரை மாதம்.

ஒரு மாலை, அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பொஸ்தகம் வெச்சிருக்கியா? நாளைக்குக் கொண்டா. கடைசில என்ன இருக்குதோ அதை அப்பிடியே படி. ஒரு வார்த்தை மாத்தாத" என்றார்.

மறுநாள் படித்தேன். கூட்டம் நிறைந்த பஸ்ஸில், வாய்விட்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி. என் தமிழ் எவ்வளவு தடுமாறுகிறது என்று அன்றுதான் எனக்கே கேட்டது. முன்னிருக்கைக் கல்லூரிப் பெண் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் ஒரு நிமிடம் நின்று கவனித்துவிட்டு நகர்ந்தார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தங்கை தெருமுனையிலிருந்து திரும்பி நடக்கும் வரியைப் படித்து நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்கா."

"தெருமுனையிலயே திரும்பீட்டாளா?" என்று கேட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நான் தேவலை. நான் வாசப்படி வரைக்கும் போனேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த பெருமிதத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் அவர் இரண்டாவது முறை போனார். அப்போதும் கதவு திறக்கவில்லை. ஆனால் கால் மணி நேரம் நின்ற பிறகு உள்ளேயிருந்து தமக்கையின் குரல் மட்டும் வந்ததாம்: "மழை வருது. பஸ்ஸுக்குப் போ." இதை அவர் ஒரு வாரம் எனக்குச் சொன்னார். காலையிலும் சொன்னார், மாலையிலும் சொன்னார். "ஆறு வருசம் கழிச்சுப் பேசியிருக்கறா பாத்தியா!" நான் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

நான் அதோடு திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போதும் படிக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் இப்போது அதைச் சொல்லிவிடுகிறேன். "இந்த அத்தியாயம் முடியட்டும், பேசலாம்" என்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. சிலர் காத்திருக்கிறார்கள்.

சென்ற மாசியில், "மூணாவது தடவை போறேன், நீயும் வா" என்று கூப்பிட்டார். கொள்ளேகாலுக்கு இரண்டு மணி நேரம். நான் புத்தகம் எடுத்துப் போகவில்லை. வழி முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. நான்தான் வெயிலைப் பற்றி, கம்பெனியைப் பற்றி, அவர் மகனின் பரீட்சையைப் பற்றிப் பேசிப்பேசிப் பார்த்தேன். "உம்" என்பார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கொள்ளேகாலில் இறங்கி இரண்டு தெரு நடந்தோம். என்னை முனையில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் போனார். கதவு திறந்தது. இவரைவிடக் குள்ளமான, நரைத்த ஓர் அம்மா வெளியே வந்தார். கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. ஏதோ சொன்னார்; இவர் ஏதோ சொன்னார். பிறகு இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்படவில்லை.

நான் நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து நின்றேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்த அம்மாவே தெருவில் நடந்து வந்தார். என் எதிரே நின்று, மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் பொய் சொன்ன புள்ள நீதானா?"

"ஆமாங்க" என்றேன்.

முகத்தைப் பார்த்தால் திட்டப்போகிறார் என்றுதான் இருந்தது. "உள்ள வந்து சாப்புடு. அவ ஒருத்திகிட்ட எந்நேரம் நானே பேசிக்கிட்டிருக்கறது, உன் கதைய மட்டும் சொல்லீட்டு அப்பறம் வாயே தொறக்க மாட்டேங்கறா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.