பக்கத்துக் கட்டில்காரியின் கதை

நான் எழுதிய கட்டுரைகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கும் எடுத்துப் படிக்க முடிவதில்லை.

எண்பதுகளின் கடைசி. பிரெஞ்சு பேசும் ரெனான் என்ற ஊரில் இருந்தோம். அங்கே எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்தினோம், பெரிதாக நினைக்க வேண்டாம். எங்களில் ஒருவரிடமும் தமிழ்த் தட்டச்சு இல்லாத காலம். உணவகத்தில் கோப்பை கழுவும் அண்ணை ஒருவருக்கு முத்து முத்தான கையெழுத்து. நாங்கள் கொடுப்பதையெல்லாம் அவரே தன் கையால் திருப்பி எழுதி, நகல் எடுத்து, மாதம் ஒருமுறை தபாலில் அனுப்புவார். அவர்தான் ஆசிரியர், அவர்தான் அச்சகம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஆட்கள் வாயைத் திறந்தால் காதைக் கொடுத்துவிட்டு நிற்பேன். நல்லதாக ஒரு சொல் விழுந்தால் கொப்பியில் குறித்துவைப்பேன். அதற்காகவே எனக்கும் ஒரு பக்கம் தந்திருந்தார்.

இரண்டாவது பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஆபிரிக்காவின் ஸயீர் நாட்டுக்காரி ஒருத்தி. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருப்பவள். என்னை "மா சேர்" என்பாள், பிரெஞ்சில் சகோதரி. அவளுக்கு அது மூன்றாவது பிள்ளை. பிறந்த அன்று காலையிலிருந்தே, "ரத்தம் போறது சரியில்லை, உள்ளுக்குக் கிழிக்கிற மாதிரி நோகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிரெஞ்சு வானொலிக்காரரின் பிரெஞ்சு. என்னுடையது தட்டுத் தடுமாறுகிற பிரெஞ்சு. ஆனாலும் மருத்துவிச்சி என்னைத்தான் கைகாட்டினாள்.

"பார், இவவும் பிள்ளை பெத்தவதானே. ஒரு சத்தம் வந்ததோ? உங்கட ஆபிரிக்காவில வயலுக்கையே பெத்துப்போட்டு எழும்பிப் போவீனமாம்."

எனக்குச் சத்தம் வராததன் காரணம் வேறு. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெறுகிறவள் கத்தினால் அடுத்த வளவுக்குக் கேட்கும், மானம் போகும். துணியைக் கடித்துக்கொண்டு கிடக்கப் பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை எடுத்து அவளுக்கு அடிக்கிற தடியாக்கினாள் மருத்துவிச்சி. நானோ சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் என்னைப் பார்த்துப் பேசினால் தலை தானாக ஆடும்.

பின்னேரம் விரிப்பு முழுக்க நனைந்த பிறகுதான் ஓடினார்கள். உயிர் மிஞ்சியது, கர்ப்பப்பை போனது. "மூண்டு பிள்ளை இருக்குத்தானே, காணும்" என்று ஆறுதல் சொன்னார்களாம். அவளுக்கு இருபத்தாறு வயது.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் கேட்டாள்: "மா சேர், நீ எழுதுறனியல்லோ. என்ரையை எழுது. ஸயீர்க்காரி எண்டு போடு. கறுப்பி எண்டபடியாத்தான் என்ர சொல்லை எடுக்கேல்லை எண்டும் போடு. உங்கட ஆக்களெண்டாலும் கேக்கட்டும்."

மூன்று நாள் படியேறிப் போய்க் கேட்டு எழுதினேன். எதையும் விடவில்லை, என் தலையாட்டலையும் விடவில்லை.

பத்திரிகை வந்தது. ஸயீர்க்காரியைக் காணவில்லை. அவள் இருந்த இடத்தில் 'எமது ஈழத்துத் தாய் ஒருவர்' இருந்தார், அண்ணையின் வடிவான கையெழுத்தில். கறுப்பு என்ற சொல்லே இல்லை.

அவர் வேலைசெய்யும் உணவகத்தின் பின்கதவுக்கே போய்விட்டேன்.

"என்னண்ணை செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன் தங்கச்சி, நல்லா வந்திருக்குதல்லோ?"

"அவ எங்க?"

"காப்பிலிச்சியின்ர கதையை எங்கட சனம் வாசிக்குமோ, சொல்லு? இப்ப பார், வாசிச்சுப்போட்டு அழுகுதுகள். நாலு பேர் ரெலிபோன் எடுத்தவை."

ஆபிரிக்கரை இழிக்கும் அந்தச் சொல்லை எங்கள் வீடுகளில் எல்லோரும் கூசாமல் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் காதில் குத்தியது.

"ஆருக்கண்ணை அழுகினம்? இல்லாத ஒருத்திக்கோ?"

"நோவு எண்டால் எல்லாருக்கும் ஒண்டுதானே."

"ஒண்டெண்டால் அவவின்ரையாவே விட்டிருக்கலாமே?"

"உன்னோட கதைச்சு வெல்லேலாது" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அழுதவர்கள் சும்மா இருக்கவில்லை. அண்மையில் பிள்ளை பெற்றவள் நான் என்பதால், அந்த ஈழத்துத் தாய் நான்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். சனிக்கிழமை இரண்டு பெண்கள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறியோடு வந்து, என் வயிற்றைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

"நானில்லையப்பா. மேல்மாடியில இருக்கிறா."

"ஆர், அந்த ஆபிரிக்காக்காரியோ?"

"ஓம். வாங்கோ, போய்ப் பாப்பம்."

"ஐயோ பாவம்" என்றாள் ஒருத்தி. மற்றவள் பஸ்ஸுக்கு நேரம் பார்த்தாள். மேலே ஏற இருபது படிகூட இல்லை. ஏறவில்லை.

கறிச்சட்டியையும் பத்திரிகையையும் தூக்கிக்கொண்டு நான் ஏறினேன். அவள் தாளைப் பிரித்து, விளங்காத எழுத்துகளில் விரலை ஓடவிட்டாள். "எங்க என்ர நாடு? காட்டு."

பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் விரலைத் தாளிலிருந்து எடுத்தாள்.

"மருத்துவிச்சியும் இப்பிடித்தான். நோவு என்ர. பாத்தது உன்ர முகத்தை."

பிறகு தாளை மடித்து என் கையில் திணித்தாள். "திரும்ப எழுது. என்ர நாட்டின்ர பேரை நான் வாசிக்கிற பிரெஞ்சு எழுத்தில போடு. நானே தேடிப் பிடிக்க வேணும்."

என் கோணல் கையெழுத்திலேயே ஒரு பக்கம் எழுதி, நாட்டின் பெயரை அவள் எழுத்தில் நடுவே பெரிதாகப் போட்டேன். அண்ணை சேர்க்கவில்லை, எழுத்து வடிவில்லையாம். நானே நகல் எடுத்துத் தமிழ்க் கடை மேசையில் வைத்தேன். அடுத்த கிழமை போனால் கட்டு வைத்தபடியே இருந்தது. மேல் தாளில் யாரோ கறிவேப்பிலையைப் பரப்பியிருந்தார்கள்.

ஒரு தாளை அவள் தன் கதவின் வெளிப்பக்கத்தில் ஒட்டினாள். உங்கட ஆக்கள் யாராவது ஏறி வந்தால் வாசிக்கட்டும் என்றாள். நாங்கள் வீடு மாறும்வரை அது அங்கேயே இருந்தது. அதை வாசித்த தமிழச்சி நான் ஒருத்திதான்.