கறுப்புப் பட்டையில் வந்த பேர்

சேனல் வேலை என்றால் கேமராவும் மைக்கும்தான் என்று நினைத்து வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓசூரில் ஒரு லோக்கல் கேபிள் சேனலுக்கும், அதே மாடியில் இருக்கும் எஃப்.எம்.முக்கும் நான்தான் மேனேஜர். அலுத்துப்போய்விட்டது. என் தலைவலியில் முக்கால்வாசி, திரையில் ஓடும் ஸ்க்ரோலால், அதாவது எழுத்துப் பட்டையால், வந்ததுதான்.

ஒருநாள் மதியம் ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து ராஜம்மா என்பவர் போன் செய்தார். அஞ்செட்டிப் பக்கம் மலைக்கிராமம். பக்கத்து வீட்டு அம்மாவை மாடு வயிற்றில் குத்திவிட, வண்டி பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"ஆப்பரேசன் பண்ணணுமாம் சார். மகன் மாதேஷ் வந்து கையெழுத்துப் போடணும்ங்கறாங்க. அவன் வேலை செய்யற கம்பெனி கேட்ல சொன்னா, வாட்ச்மேன் ஷிஃப்ட் முடியட்டும்ங்கறான். போனெல்லாம் லாக்கர்ல வெச்சுப் பூட்டிடுவாங்களாம். உங்க டிவில சேதி போட முடியுமா?"

அந்தக் கம்பெனி கேன்டீனில் எங்கள் சேனல்தான் ஓடும். சேதியைத் திரையின் கீழ்ப் பட்டையில் போடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"கீழ நகைக்கடை விளம்பரம் போவுது, அதுல கை வெக்காதீங்க. மேல கறுப்புப் பட்டை சும்மாதானே கெடக்கு?"

"அது சாவுச் சேதிக்கு வெச்சது சார். தப்பா எடுத்துக்குவாங்க."

"எழுதியிருக்கறதப் படிக்க மாட்டாங்களா?"

மாட்டார்கள். கறுப்புப் பட்டையில் பேர் வந்தால் இங்கே யாரும் மீதியைப் படிப்பதில்லை. பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். ஓடுகிற தமிழை எழுத்துக் கூட்டுவதற்குள் அது போய்விடும். வேறு வழியில்லாமல், 'மாதேஷின் அம்மாவுக்கு ஆப்பரேசன், மகன் உடனே ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வரவும்' என்று அதிலேயே போட்டோம்.

கொஞ்ச நேரத்தில் ராஜம்மா மறுபடி கூப்பிட்டார். ஒரே அழுகை. கேன்டீனில் பார்த்தவர்கள் "உங்கம்மா போயிட்டாங்கடா" என்று சொல்ல, மாதேஷ் போனைக்கூட வாங்காமல் ஊருக்கு பஸ் ஏறிவிட்டான் என்று கம்பெனி கேட்டில் சொன்னார்களாம். ஆஸ்பத்திரியோ கம்பெனிக்குக் கூப்பிடு தூரம்.

அந்த வழி பஸ்களில் எங்கள் எஃப்.எம். ஓடும். பாட்டை நிறுத்தச் சொன்னேன். அறிவிப்பாளர் ரேணுகா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் மாறிமாறிச் சொன்னார்: "அஞ்செட்டி பஸ்ல போற மாதேஷ், உங்கம்மா உயிரோட இருக்காங்க. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வாங்க. டிரைவர் அண்ணா, அவரை எறக்கி விடுங்க."

தேன்கனிக்கோட்டை தாண்டி பஸ் நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். வழியில் வாங்கிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டேதான் மாதேஷ் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அம்மா பிழைத்துக்கொண்டார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம சேனலோட பவரப் பாத்தீங்களா! அந்தப் பையனக் கூப்ட்டு ஒரு பேட்டி எடுங்க" என்றார். போன் செய்தேன்.

"வேணாம் சார்" என்றான் மாதேஷ். "அந்தக்கா சொன்னாங்கன்னு எறங்கிட்டேன். ஆனா ஓசூர் வந்து அம்மா மொகத்தப் பாக்கற வரைக்கும் எது நெசம்னே தெரியல. உங்க டிவி செத்துட்டாங்கன்னு காட்டுச்சு, உங்க ரேடியோ உயிரோட இருக்காங்கன்னு சொல்லுச்சு. ரெண்டும் உங்களோடதுதானே சார்?"

பேட்டி இல்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. எந்த இடத்தில் போடுகிறோம், யார் சாப்பாட்டுத் தட்டோடு நின்று பார்க்கப்போகிறார் என்பதையும் பாருங்கள். விளம்பரம் நின்றதென்று நகைக்கடைக்காரர் கோபித்துக்கொண்டால் நேரில் போய் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.