பாலைவனத்தில் பனிச்சரிவுப் பாடம்

பாலைவனத்தில் நின்றுகொண்டு பனிச்சரிவைப் பற்றிப் பாடம் எடுக்கிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அது நான்தான். ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஆலையில் சேஃப்டி ஆபீசராக இருந்தவன், இப்போது ஒரு மலையேற்றக் கம்பெனியில் இருக்கிறேன். வசந்த காலத்தில் இங்கிருந்து ஆட்களை ஜார்ஜியா நாட்டுப் பனிமலைக்குக் கூட்டிப்போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு டியூட்டி, ரூம் என்று நாளைத் தள்ளுகிற உங்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

மணலுக்குள் யார்?

பனியில் புதைந்துபோனாலும் சிக்னல் கொடுக்கிற, மேலே இருப்பவர் அதைப் பிடித்துத் தேடவும் உதவுகிற சின்னக் கருவி ஒன்று உண்டு. மலையில் எல்லோரும் அதை நெஞ்சில் கட்டிக்கொள்வார்கள். பயிற்சிக்கு இங்கே பனிக்கு எங்கே போவது? கருவியை ஒரு பையில் போட்டு மணல்மேட்டில் புதைத்துவிட்டு, மலைக்கு வரப்போகிறவர்களைத் தேடச் சொல்வேன்.

ஒரு லீவு நாளில், "சீக்கிரம்! உள்ளே மூச்சு நின்னுடும்!" என்று நான் இந்தியில் கத்திக்கொண்டிருந்தபோது ரோட்டில் போன தண்ணீர் லாரி நின்றது. பெஷாவர்க்கார டிரைவர் இறங்கி ஓடிவந்தார். ஒன்றுமே கேட்காமல் முட்டிபோட்டு வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்துவிட்டார். பை வெளியே வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "உள்ளே ஆள் இல்லையே, அது போதும் பாய். நான் புதைஞ்சா யாராவது இப்படி ஓடிவருவாங்களான்னு யோசிச்சேன்," என்றார்.

விழாத பனி

வசந்தத்தில் ராத்திரி உறைந்த பனி காலையில் கல் மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறக் குழைந்துவிடும். ஜார்ஜியாவில் ஒருநாள் உச்சிக்கு ஏறும்போது கால் முழங்கால்வரை புதைய ஆரம்பித்தது. மேலே பாறையோரத்திலிருந்து சின்னச் சின்னப் பனியுருண்டைகள் உருண்டு வந்தன, சரிவு கிளம்பப்போவதற்கு அதுதான் அடையாளம். உச்சி கண்ணுக்கு முன்னால் இருந்தது. "திரும்பலாம்," என்றேன்.

அபுதாபியில் எஞ்சினியராக இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கொதித்துப்போனார். அவருக்கு வருஷத்தில் கிடைத்ததே அந்த ஒரு வாரம்தான். இறங்கி வந்து எல்லோரும் ஹோட்டல் ஜன்னலிலிருந்து சாயங்காலம்வரை அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் விழவில்லை. சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன. போகிற வழியில் அவர் மட்டும் நின்று, "உங்க பயத்தைப் பார்க்கவா சார் நாங்க இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார்.

நடுவில் நின்ற நர்ஸ்

ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து போய், எல்லோரும் சேர்ந்து புதைந்தால் தோண்டுவது யார்? நடுவில் நிற்கவும் கூடாது.

ஷார்ஜா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஜெசிந்தா, குளச்சல் பக்கத்துப் பெண், சரிவின் நட்டநடுவில் போய் நின்றுவிட்டாள். "நிக்காதம்மா, நட!" என்று அக்கரையிலிருந்து கத்தினேன். அவள் அசையவில்லை. பயத்தில் உறைந்துவிட்டாள் என்று நினைத்து, கூட்டிவர நானே கிளம்பிவிட்டேன். அதற்குள் நிதானமாக நடந்து வந்து சேர்ந்தாள். கண் சிவந்திருந்தது. திட்ட வாயெடுத்தேன். "மன்னிச்சிருங்கண்ணே. வார்டுலயும் கூட்டம், ரூம்லயும் கூட்டம். பக்கத்துல ஒருத்தரும் இல்லாம நான் நின்னு எவ்வளவு காலமாச்சு தெரியுமா?" என்றாள். எனக்கோ நேர் எதிரான வியாதி, தனிமை. திட்ட மறந்துபோனேன்.

பசாங்

பசாங் என்னோடு வேலைபார்க்கும் நேபாளத்துக்காரன். ஒருநாள் ராத்திரி முழுக்க மேகமூட்டம், பனி உறையவேயில்லை. மற்றவர்களை ஹோட்டலிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் மட்டும் வழி பார்க்கப் போனோம். "ஓரத்தைப் பார்த்துட்டு வர்றேன்," என்று அவன் நாலு அடி வைத்தான். சரிவு மொத்தமும் சத்தமில்லாமல் நகர்ந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. பசாங்கைக் காணோம்.

கடைசியாக அவனைப் பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இறங்கினேன். கருவியைக் கையில் பிடித்துத் தேடினேன், நீளக் கம்பியைக் குத்தினேன், மெத்தென்று தட்டியது. தோண்டினேன். ஈரப்பனி சிமென்ட்போல இறுகியிருந்தது. உதவி என்று கூப்பிட்டால் கேட்க ஒரு காக்காய்கூட இல்லை. அவன் பேரைச் சொல்லிக்கொண்டே தோண்டினேன். முகம் வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. வாயிலிருந்த பனியை விரலால் வழித்தெடுத்தேன். இருமினான். மூச்சு வந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்ன முதல் வார்த்தை: "வீட்டுல சொல்லிடாதே, பாய்."

திருச்சிக்கு ஒரு போன்

அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரியில் பசாங் தூங்கிய பிறகு, மனைவிக்குப் போன் போட்டேன். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள், வீடியோ வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. "இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, ரெஸ்ட்," என்றேன். திருச்சியில் அன்று கரண்ட் இல்லையாம், விசிறிக்கொண்டே பேசினாள். "வெயில் இல்லாத ஊரு, வேலையும் இல்ல. உங்களுக்கென்னங்க, கொடுத்து வச்சவரு," என்றாள்.

எல்லோரும் பத்திரமாகத் திரும்பிவிட்டால் நான் ஒருவன் அங்கே இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது. இந்த வேலையை ஒழுங்காகப் பார்த்ததற்கு அந்த மறதியைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.