மூன்று கரை, ஒரே நிலையம்

சபாநாதன் காலமான செய்தி போன செவ்வாய்க்கிழமை வந்தது. பதுளை பஸ் நிலையத்தில், வெலிமடை பஸ்ஸில் இடம் பிடித்து, மடியில் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தேன். வவுனியாவிலிருந்து அவருடைய மகள் பேசினாள். "அப்பா விடியக்காலமை போயிட்டார், மாமா" என்றாள். இறங்கி அலுவலகத்துக்குத் திரும்பினேன். அவரோடு வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இதையும் அவர்களுக்காகவே எழுதுகிறேன். புகழ்ந்தால் அந்த மனிதருக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மின் இணைப்பு விண்ணப்பங்களைப் பார்க்கும் எங்கள் அலுவலகத்தில் அவர் பிரதம எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்துக்காரர். அடுத்த மேசையில் நான். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். காணி உறுதிப் பத்திரமோ தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் சம்மதக் கடிதமோ இல்லாத விண்ணப்பத்தில் சிவப்பு மையால் 'ரத்து' என்று எழுதி, ஒப்பமிட்டு, அலமாரியில் வைப்பது அவர் வேலை. தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து வரிசை வீட்டில் இருப்பவனுக்கு உறுதி ஏது? துரைமார் கடிதம் கொடுப்பதும் அபூர்வம். என் அப்பாவின் விண்ணப்பமும் அந்த அலமாரிக்குத்தான் போனது, மூன்று தடவை. அது யார் வீடு என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ரோஷம்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒரு பக்கம் இந்தியா, எதிர்ப்பக்கம் இலங்கை. கட்டப்போவதாக அறிவித்துப் பிறகு கைவிட்ட நிலக்கரி மின்நிலையங்களைப் பத்திரிகையில் தேடிப் பிடித்து, எத்தனை மெகாவாட் என்று குறித்து வைப்பார். எதற்கு என்று கேட்டால், "கட்டினதை எல்லாரும் எழுதுவினம், காணும். கட்டாமல் விட்டதை ஆர் எழுதுறது?" என்பார். இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில், ஒருநாள் தேநீர் வேளையில் கொப்பியை விரித்து அறிவித்தார்: "ஆள்தொகைக்குப் பிரிச்சுப் பாருங்கோ. ரத்துச் செய்யிறதிலை இந்தியாவை நாங்கள் வெண்டிட்டம்!" அலுவலகமே சிரித்தது.

நான் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இலங்கைப் பக்கத்தில் மூன்று வரி: கிழக்குக் கரை, தெற்குக் கரை, மேற்குக் கரை. கிழக்கில் முடியாமல் தெற்குக்கும், அங்கே ஊரார் எதிர்க்க மேற்குக்கும் தள்ளிக்கொண்டு போன ஒரே திட்டம் அது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"என்னங்க ஐயா, மூணு எடத்துல ரத்தானாலும் நிலையம் ஒண்ணுதானுங்களே? இந்தியாக்காரன் ஏகப்பட்டத வச்சிக்கிட்டு ஒண்ண விடுறான். நாம ஒண்ணுமே இல்லாம விடுறோம். இதுல என்னங்க வெற்றி? ஒங்க அலமாரியிலயும் இப்புடி ஒண்ணு இருக்கு. மூணு ரத்து, ஒரே வீடு. எங்கப்பா வீடு. அங்க இன்னும் குப்பி லாம்புதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கொப்பியில் சிவப்புப் பேனாவால் இரண்டு வரிகளை வெட்டி, பக்கத்தில் ஒப்பமிட்டார். பிறகு அலமாரியைத் திறந்து மூன்று விண்ணப்பங்களையும் தேடி எடுத்தார். மூன்றிலும் இருந்தது அவருடைய ஒப்பம்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஹாலிஎல பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்கு வந்தார். துரை இல்லை என்று காவல்காரர் சொல்ல, தோட்டத்து ஆபீஸ் மர வாங்கிலேயே, மத்தியானம் துரை வரும்வரை உட்கார்ந்திருந்தார். சம்மதக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் லயத்துக்கு ஏறினார்.

அப்பா கேட்டார்: "மூணு வாட்டியும் வேணாம்னு எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஓம், நான்தான்."

சட்டம், சுற்றறிக்கை என்று ஒரு சாக்கும் சொல்லவில்லை. அப்பா, "சரி, உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க" என்றார். சில மாதங்களில் எங்கள் லயத்துக் காம்பிரா அறையில் மின்விளக்கு எரிந்தது. அப்பா அதன் கீழே நாலு வருடம் பேப்பர் படித்துவிட்டுத்தான் போனார். அதற்காக அந்த மனிதரை நான் நேசித்தேன். அவர் இருந்தபோது வாயைத் திறந்து சொல்லவில்லை, மடையன்.

ஓய்வு பெற்றபோது கொப்பியை எனக்கே விட்டுப்போனார். இந்தியப் பக்கம் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. இப்போது நான் எழுதுகிறேன். அவருடைய நாற்காலியும் இன்று எனக்குத்தான். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வழக்கம்: 'ரத்து' என்று எழுதுமுன் அலமாரியைத் திறந்து, இதே பெயர் முன்பு வந்ததா என்று பார்ப்பது. செய்தி வந்த அன்று என் மடியில் இருந்தது, மூன்றாம் தடவையாக வந்த ஒரு லயத்து விண்ணப்பம். அந்தத் தோட்டத்துத் துரையைப் பார்க்கத்தான் வெலிமடை பஸ்ஸில் ஏறியிருந்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் போய், வாங்கில் உட்கார்ந்து, கடிதத்தை வாங்கி வந்தேன்.