கடைசியில் அணைக்கும் பெட்டி

எங்கள் அத்தாவுக்கு எதிலும் வரிசை முக்கியம். பந்தியில் பெரியவர்கள் கை வைக்காமல் நாங்கள் பிரியாணியை மோந்துகூடப் பார்க்க முடியாது. அந்த வரிசை ஒருநாள் என் மாமியின் கடையையே கவிழ்க்கப் பார்த்தது.

மாமி என்றால் அத்தாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. திருச்சி கடைவீதிச் சந்தில், அத்தாவின் கோரைப்பாய்க் கடைக்கு மேல்மாடியில், கல்யாணப் பத்திரிகை தயாரிக்க நான்கு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். "பெருநாள் வரைக்கும் நடத்து, அப்புறம் பாக்கலாம்" என்றிருந்தார் அத்தா. அவர் பேச்சில் அதற்கு மூடு என்றுதான் பொருள். மாமிக்கோ அந்தக் கடைதான் உயிர்.

முன்னறையின் மூன்று சின்னப் பெட்டிகளில் எதை எழுதினாலும், கேபிள் வழியாக உள்ளறைப் பெரிய பெட்டியின் டிஸ்க்கில்தான் போய்ச் சேரும்.

ஸ்ரீரங்கத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்று முடியும் தறுவாயில் மாமி அந்தி நேர மஃரிப் தொழப் போனார். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் யுபிஎஸ் அலறியது. கீழேயிருந்து ஓடிவந்த அத்தா, பேட்டரி தீருமுன் எல்லாவற்றையும் அணைத்துவிட எண்ணி, மூத்தது என்ற மரியாதையில் பெரிய பெட்டியை முதலில் அணைத்தார். சின்னவை மூன்றும் அப்படியே உறைந்தன. அவற்றையும் பிடுங்கக் கை நீட்டினார்.

"கைய எடுங்கண்ணே!"

அத்தாவை அப்படி யாரும் அதட்டி நான் கேட்டதில்லை. தொழுதுவிட்டு வாசலில் வந்து நின்றிருந்தார் மாமி.

"இப்ப இதை அமத்துனா எழுதுனதெல்லாம் போயிரும். பெருசு வர்ற வரைக்கும் இதுங்க காத்துக்கிட்டே இருக்கும். பேட்டரிதான் தாங்கணும்" என்றபடி மாமி பெரிய பெட்டியைப் போட்டார். துஆ கேட்டார். அத்தாவும் கையேந்தினார், பத்திரிகைக்கா தனக்கா என்று தெரியவில்லை.

பெரியது எழுந்தது. சின்னவற்றில் எழுத்து நகர்ந்தது! மாமி எல்லாவற்றையும் சேமித்து, சின்னவற்றை ஒவ்வொன்றாக அணைத்தார், பெரியதைக் கடைசியில்.

"பெரியவங்கதாண்ணே கடைசியில படுக்கணும். சின்னதுங்க கொடுக்குறதை வாங்கி வைக்க ஆள் வேணும்ல?"

அத்தா இறங்கிப் போனார்.

பெருநாள் கழிந்த மறுநாள், கடை திறக்கும் நேரத்தில் மறுபடி மாடியேறி வந்தார். மூடச் சொல்லத்தான் என்று மாமியின் முகம் வெளுத்துவிட்டது. அத்தா நேராகப் போய் சுவிட்சுகளின் முன்னால் நின்றார்.

"எதை முதல்ல போடணும்? நீயே சொல்லு."

மாமி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தாவுக்குக் கம்ப்யூட்டரைப் போடத் தெரியவில்லை என்பதற்காக மாமி அழுவாரா என்று எனக்கு ஒரே குழப்பம்.