கிட்டாருக்கு நடுவில் அத்தை

அந்த ராக் பாடகர் கிழவராகிவிட்டார். அவருடைய பழைய மேடைக் கச்சேரி ஒன்றைத் துலக்கி இப்போது ஆல்பமாக விட்டிருக்கிறார்கள். எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்தே சண்டை. "கூட்டத்து சத்தத்தயெல்லாம் தொடச்சிட்டானுங்க, உசுரே போச்சு" என்கிறார் ஒருவர். "இப்பதாங்க கிட்டாரே காதுல விழுது" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே அவரை நேரில் பார்த்ததில்லை. நானும் பாட்டைப் போட்டேன். நடுவில் கிட்டார் ஓய்ந்து ஒரு மௌனம் வரும். அந்த இடத்தில் என் காது தானாக ஒரு குரலுக்குக் காத்திருந்தது. வரவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது, விழிதியூர் வீட்டில் மாமா இதே கச்சேரியை, பிரான்சிலிருந்து வந்த நண்பரின் கேசட்டிலிருந்து பதிவெடுத்தார். இரண்டு டேப் ரெக்கார்டர்களை எதிரெதிரே வைத்து ஒன்றைப் பாடவிட்டு, மற்றதில் பிடிப்பதுதான் அவர் முறை. மின்விசிறியை நிறுத்தினார், கோழிகளை விரட்டினார். "யாரும் மூச்சு விடக் கூடாது!" வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம். சரியாக அந்த மௌனத்தில் கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மா வாசலில் வந்து நின்றார். அடுப்படியிலிருந்து அத்தை கத்தினாள்: "நேத்துக் குடுத்த மீனு ஒரே முள்ளு!"

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். நண்பர் அன்றே கேசட்டோடு பிரான்சுக்குக் கிளம்பிவிட்டதால் மறுபதிவு இல்லை. அதன்பின் எப்போது கேட்டாலும் அந்த இடத்தில் டேப்பில் பதிந்துபோன அத்தையோடு நாங்களும் சேர்ந்து "ஒரே முள்ளு!" என்று கத்துவோம்.

மாலையில் அத்தைக்குப் புது ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டாள். மௌனம் வந்தது, போனது. அத்தை கண்ணைத் திறந்தாள்.

"நான் எங்கடா?"